பட்டுக்கு எத்தனை எழுத்து?

போன ஆவணியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில் எங்கள் வீட்டுத் திண்ணைக்கு நான்கு மாணவர்களும் ஒரு மடிக்கணினியும் வந்து சேர்ந்தார்கள். எந்தக் கல்லூரி என்பது வேண்டாம், பிழைத்துப் போகட்டும். பள்ளிப் பிள்ளைகளுக்காக அவர்களுடைய சீனியர்கள் இணையத்தில் ஒரு சொல் விளையாட்டைச் செய்துவைத்துவிட்டு, வேலை கிடைத்துப் பெங்களூரு போய்விட்டார்களாம். மறைந்திருக்கும் ஐந்தெழுத்துச் சொல்லை ஆறு முயற்சிக்குள் கண்டுபிடிக்க வேண்டும். 2021இல் ஜோஷ் வார்டில் வெளியிட்டு, அடுத்த ஜனவரியிலேயே நியூயார்க் டைம்ஸ் விலை பேசி வாங்கிக்கொண்ட வேர்டிலுக்குத் தமிழில் பிறந்த தம்பிகளில் இதுவும் ஒன்று. அதை 'அப்கிரேடு' செய்வதுதான் இவர்களுடைய கடைசி வருஷ புராஜெக்ட். ஓய்வுபெற்ற தமிழாசிரியனான எனக்கு மொழி ஆலோசகர் பதவி. சம்பளம் கிடையாது, முதல் பக்கத்தில் பெயர் வரும் என்றார்கள். உடனே சம்மதித்துவிட்டேன்.

திட்டத்தை வாசித்தார்கள். மொத்தம் 41 அம்சங்கள். டார்க் மோடு, மாவட்டவாரியாகத் தரவரிசை, ஜெயித்தால் கோபுரத்துக்கு மேலே வாணவேடிக்கை, தோற்றால் சோக நாயனம், செயற்கை நுண்ணறிவால் பேசுகிற ஒரு மயில். மயில் எதற்கு என்று கேட்டேன்.

"சேலை பார்டர்ல இருக்குல்ல ஐயா, நம்ம ஊரு அடையாளம்" என்றாள் குழுத்தலைவி.

ஒருவன் மட்டும் உருப்படியாக ஒன்று சொன்னான். 2007இல் ஜான் பிரீன் என்ற அமெரிக்கர் தொடங்கிய ஃப்ரீரைஸ் தளத்தில், ஒரு சொல்லுக்குச் சரியான பொருளைச் சொன்னால் ஐ.நா.வின் உலக உணவுத் திட்டத்துக்குச் சில அரிசி மணிகள் போய்ச் சேரும். நாமும் அப்படிச் செய்யலாமே என்றான். மணிமேகலை அமுதசுரபியோடு வந்து பசியாற்றிய ஊர்க்காரர்கள் மறுக்க முடியுமா? பேச்சு வளர்ந்து, விடைக்கு ஒரு குடலை இட்லி என்று ஆயிற்று. மூங்கில் குடலையில் மந்தாரை இலை விரித்து, மிளகும் சீரகமும் சுக்கும் போட்டு வேகவைத்து வரதருக்குப் படைக்கிற இட்லி. ஒன்றே பல பேருக்குக் காணும். ஒரு பள்ளி முழுக்கச் சரியாக விடை சொல்லிவிட்டால் என்ன ஆவது? அந்த அம்சம் 'இரண்டாம் பதிப்பு' என்ற பெட்டிக்குள் போனது.

நான் மட்டும் யோக்கியமா? 42ஆவது அம்சம் என்னுடையது. காவியாதர்சம் எழுதிய தண்டி, பல்லவர் காலத்துக் காஞ்சிக்காரர். அதைத் தழுவித் தமிழில் வந்த தண்டியலங்காரத்தில் சித்திரகவி என்று ஒரு பகுதி உண்டு. எழுத்தைக் கூட்டிக் கூட்டிச் சொல்லை வளர்ப்பது, உதடு ஒட்டாமல் பாடுவது, திருப்பி வாசித்தாலும் அதுவே வருகிற மாலைமாற்று என்று வேர்டிலுக்கு வெகுகாலம் முன்பே நாம் விளையாடித் தீர்த்த ஆட்டங்கள். ஒரு மாலைமாற்றுச் சுற்று வைத்தே ஆகவேண்டும் என்று அடம்பிடித்தேன். "அஞ்சு நிமிஷ வேலை ஐயா" என்று கண்ணாடிக்காரப் பையன் தட்டச்சு செய்தான்.

சோதனைக்கு 'விகடகவி' கொடுத்தேன். திருப்பிக் காட்டியது கணினி. முதலில் புள்ளிப்புள்ளியாக ஒரு காலி வட்டம், அதன்மேல் அனாதையாக ஒரு மேல்விலங்கு. பின்னாலேயே வ, க, ட, கி, வ. முப்பது வருஷம் விடைத்தாள் திருத்தியவன் நான். எந்த மாணவனும் விகடகவியை இந்தக் கதிக்கு ஆளாக்கியதில்லை.

சந்தேகம் வந்து 'நெசவாளர்' என்று அடித்தேன். ஐந்தெழுத்து. 'எழுத்து அதிகம்' என்றது. 'பட்டு' அடித்தேன். சரியான ஐந்தெழுத்துச் சொல் என்று பச்சைக்கொடி காட்டியது. 'இட்லி'யும் ஐந்தாம், 'நெசவு'ம் ஐந்தாம்.

காரணம் யூனிகோடு. 1991இல் வந்த அதன் முதல் பதிப்பிலேயே தமிழுக்கு இடம் உண்டு. ஆனால் 247 எழுத்துக்கும் தனித்தனி இருக்கை கிடையாது. 'டு' என்றால் ட ஒரு குறி, உகரக் குறி இன்னொன்று. 'ட்' என்றால் ட ஒன்று, புள்ளி ஒன்று. இலக்கணத்தில் மெய்யோடு உயிர் சேர்ந்து உயிர்மெய் பிறக்கிறது. யூனிகோடோ உயிர்மெய்யின் தலையில் புள்ளியை வைத்து உயிரைப் பிடுங்கி மெய் செய்கிறது. அரை மாத்திரை ஒலிக்கிற மெய்க்கு இரண்டு என்று கணக்கு! தொல்காப்பியர் பார்த்திருந்தால் கணினிக்கென்று தனியாக ஓர் இயல் எழுதியிருப்பார்.

உள்ளே குழித்தறியில் இருந்த என் மைத்துனன் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டே இருந்திருக்கிறான். வேட்டியைத் தட்டிக்கொண்டு வெளியே வந்தான். "மாமா, பாவே ஏத்தல, அதுக்குள்ள முந்திக்கு ஜரிகை எவ்ளோன்னு பேசறாங்களே" என்றான். பிறகு பிள்ளைகளிடம், "உங்கள்ல யாரு கரை, யாரு ஒடம்பு?" என்று கேட்டான். அவர்கள் விழித்தார்கள். கோர்வைச் சேலையில் உடலுக்கு ஒரு நிறம், கரைக்கு வேறு நிறம். மூன்று நாடா ஓட வேண்டும். பக்கத்தில் ஓர் ஆள் உட்கார்ந்து கரை நாடாவைத் தள்ளிக் கொடுக்க வேண்டும். இரண்டு பேர் கையும் ஒத்துப்போகாவிட்டால் சேலை வேறு, கரை வேறு. விசாரித்ததில், திரையில் தெரிகிற பாகத்தைச் செய்கிறவளும் பின்னால் சொற்பட்டியலைப் பார்த்துக்கொள்கிறவனும் மூன்று வாரமாகப் பேசிக்கொள்வதே இல்லை என்று தெரிந்தது. காரணம் கேட்கவில்லை. வயசு அப்படி.

உள்ளே தறிக்கு மேலே தொங்கிய ஜக்கார்டு அட்டைகளையும் காட்டினான். "இதுல ஒரு ஓட்டை தப்பினா அன்னப்பட்சிக்கு மூக்கு போயிடும். எண்ணித்தான் குத்தணும்." துளை போட்ட அந்த அட்டையிலிருந்துதான் கணினிக்கு நிரல் எழுதுகிற யோசனையே கிளைத்தது என்று பையன் அவனுக்குச் சொன்னான். மைத்துனன் அசரவில்லை. "அப்புறம் எப்படி எண்ண மறந்துச்சு?"

மருந்து இருக்கத்தான் செய்தது. எழில் நிரல்மொழியை உருவாக்கிய முத்து அண்ணாமலையும் தோழர்களும் சேர்ந்து செய்த ஓப்பன்-தமிழ் என்ற திறமூலத் தொகுப்பு, ஒரு சொல்லைக் கொடுத்தால் தமிழ் எழுத்தாகவே பிரித்துத் தருகிறது. அதைச் சேர்த்ததும் பட்டு மூன்றானது. விகடகவியும் தலை நிமிர்ந்தார்.

அத்தோடு விட்டதா? 'கோயில்கள்' என்று சரியாக அடித்தாலும் தவறு என்றது. 'கோ'வை ஒரே குறியாகவும் சேமிக்கலாம், இரட்டைக்கொம்பு தனி, கால் தனி என்று இரண்டு குறியாகவும் சேமிக்கலாம். கண்ணுக்கு ஒன்றேதான். பட்டியலில் இருந்தது ஒரு வகை, நான் அடித்தது மற்றது. கோயில் நகரத்தில் கோயிலே தப்பு! இரண்டையும் ஒரே வடிவத்துக்குக் கொண்டுவருகிற வரி ஒன்றை எழுதி முடிப்பதற்குள் இரண்டு டம்ளர் காபி காலி.

42 அம்சங்களில் இப்போது நிறைவேறியிருப்பது எதுவும் இல்லை. எழுத்தை எண்ணுவது பட்டியலிலேயே கிடையாதே. மயில், வாணவேடிக்கை, என் மாலைமாற்று எல்லாம் இரண்டாம் பதிப்புப் பெட்டியில் இருக்கின்றன. அது எப்போது வரும் என்று கேட்டேன். மாணவர்களுக்கு முன்னால் மைத்துனன் பதில் சொன்னான்: "அத்திவரதர் 1979ல வந்தாரு, 2019ல வந்தாரு. 2059ல அவரோட சேர்ந்து வந்துடும்."

இன்னொரு சிக்கல். கணக்கு சரியானதும், சீனியர்கள் ஐந்தெழுத்து என்று சேர்த்துவைத்த 600 சொற்களில் 38தான் தேறின. ஆகவே வாசகர்கள் ஐந்தெழுத்துச் சொற்களை எழுதி அனுப்பலாம். காலையும் கொம்பையும் புள்ளியையும் தயவுசெய்து கணக்கில் சேர்க்க வேண்டாம்.