கைப்புள்ளையோட ஊர் சுத்தப் போறீகளா?

வா பேராண்டி. பெங்களூர்லருந்து வந்து காலு கழுவல, அதுக்குள்ள ஒன்றரை வயசுப் பயலை எங்கெங்க கூட்டிட்டுப் போகணும்னு போன்ல பட்டியல் போட்டாச்சாம்ல. காலையில கழுகுமலை, மத்தியானம் எட்டயபுரம், சாயந்தரம் திருவில்லிபுத்தூர். எட்டயபுரத்துல பாரதி பிறந்த வீட்டப் பார்க்காம தூக்கம் வரலேன்னு பய அழுதானோ? தாராளமா போங்க. அங்க போயி அவன் மூத்திரம் பேஞ்சிறாமப் பார்த்துக்கோங்க, அம்புட்டுத்தான்.

கழுகுமலையும் நல்ல எடந்தான். ஒரே பாறையக் குடைஞ்சு செஞ்ச வெட்டுவான் கோயில், பாண்டியன் காலத்துது. ஆயிரத்து இருநூறு வருசமா அசையாம நிக்கிது. பயலுக்கு அஞ்சு வயசாகுற வரைக்கும் நிக்காமலா போயிரும்? இந்த வெயில்ல பாறை மேல புள்ளையச் சுமந்து ஏறுறது யாரு, நீயா, புள்ளையப் பெத்த தாயியா? போட்டோ புடிக்கிறவன் சுமக்க மாட்டான். அது எனக்குத் தெரியும்.

மதுரைக்குப் போறதுன்னா மறுப்புச் சொல்ல மாட்டேன். மீனாட்சி கோயில்ல தீப்பிடிச்சதுக்குப் பொறகு, 2018-லருந்து செல்போன உள்ள விடுறதில்ல. அன்னைக்கு ஒருநாளாவது பெத்த புள்ளை மூஞ்சிய ரெண்டு பேரும் நேராப் பார்ப்பீக. ஆனா அந்தத் தள்ளுவண்டிய வீட்லயே போட்டுட்டுப் போ. சித்திரை வீதிக் கூட்டத்துல அத உருட்டுறது தேர் இழுக்குற கதைதான்.

போற வழியில பஸ் ஸ்டாண்டுல புள்ளைக்குப் பால் குடுக்கணும்னா கவலையே இல்ல தாயி. பாலூட்டுற தாய்மாருக்குன்னு 2015-லயே தனி அறை தொறந்துட்டாக. சாவி யாருகிட்ட இருக்குன்னு மட்டும் முன்னாடியே விசாரிச்சு வச்சிக்கோ. தேடிக் கண்டுபிடிக்கிறதுக்குள்ள புள்ளை பால் மறந்திரக் கூடாதுல்ல.

சிவகாசி ரோட்டுல பட்டாசுக்கு எண்பது சதவீதம் தள்ளுபடின்னு போர்டு பார்த்திருப்ப. தள்ளுபடியில மயங்கி, புள்ளையும் பெட்டியுமா ஒரே கார்ல ஏத்திட்டு வராத. இதுல மட்டும் தாத்தன் கேலி பேசல. வெடி வேணும்னா நீ தனியாப் போயி வாங்கு. இந்த வெயில்ல புள்ளையும் வெடிமருந்தும் ஒரே வண்டியில வரக் கூடாது.

அங்கிட்டு வெம்பக்கோட்டையில 2022-ல அகழாய்வுக் குழி தோண்ட ஆரம்பிச்சாக. அந்தக் காலத்துப் புள்ளைக விளையாடுன வட்டச் சில்லு கிடைச்சிருக்குன்னு பேப்பர்ல போடுறான், நீயும் அதப் பெருமையா நாலு பேருக்கு அனுப்புற. நம்ம பய முத்தத்துல கிடந்த ஓட்டுச் சில்ல எடுத்தா மட்டும் பிடுங்கி எறிஞ்சிட்டுக் கையில மருந்து தேய்க்கிற. அந்தச் சில்லும் மண்ணுக்குள்ள போயி ரெண்டாயிரம் வருசம் கெடந்து வரணுமாக்கும்?

காரச்சேவு நம்ம ஊருப் பெருமைதான், அதுக்காகப் பச்சைப்புள்ள வாயில திணிக்காத. தொண்டையில அடைச்சிக்கும். வைப்பாத்துப் படுகை வெள்ளரியும் துண்டாக் குடுக்காத, துருவிக் குடு.

என்னையக் கேட்டா இருக்கன்குடி போதும். வைப்பாறும் அர்ச்சுனா நதியும் கூடுற எடம். தண்ணி இருக்குமான்னு கேட்காத, மணல் இருக்கும். பயலுக்கு அதுதான வேணும்? மொட்டை போடவும் காது குத்தவும் கைப்புள்ளையோட வாற சனம் அங்க எந்நாளும் உண்டு. நடுவழியில புள்ளை கத்துனாலும் ஒருத்தரும் மூஞ்சியச் சுளிக்க மாட்டாக. எந்தக் கிழவியாவது வாங்கி இடுப்புல வச்சிக்கிடுவா. உங்க மால்ல அந்த வசதி உண்டா?

வெள்ளிக்கிழமை போகாதீக, ஆடிக் கடைசி வெள்ளி பக்கமே தலை வைக்காதீக. புதன்கிழமை போங்க. விடியக் கிளம்பி, பய உறங்குற நேரத்துக்கு வீடு வந்து சேரணும். அவன் உறக்கந்தான் உங்க கடிகாரம்.

செலவையும் கணக்குப் பார்த்துட்டேன். அஞ்சு வயசு வரைக்கும் அரசு பஸ்ல டிக்கெட் கிடையாது. 2021-லருந்து டவுன் பஸ்ல பொம்பளைகளுக்கும் இல்ல, ஆக தாயிக்கும் உங்க ஆச்சிக்கும் ஓசி. காசு குடுக்க வேண்டியது நீயும் நானுந்தான். எனக்கும் சேர்த்து நீயே எடுத்துரு பேராண்டி.