வரம் தராதவரிடம் வரம் கேட்டல்: ஓர் அதிகார எல்லை ஆராய்ச்சி

தெய்வங்களிடம் வரம் கேட்கும் வழக்கத்தைப் போற்றியும் தூற்றியும் நம் நாட்டில் எத்தனையோ நூல்கள் எழுந்திருக்க, கேட்ட விண்ணப்பம் உரிய சந்நிதியில் சேர்ந்ததா, இடம் மாறிச் சேர்ந்தால் அதன் கதி என்ன, நேர்ந்துகொண்ட காணிக்கையை யாரிடம் செலுத்துவது என்னும் நடைமுறைப் பிரச்சினைகளைச் சாஸ்திரீயமாக விசாரிக்க ஏனோ பண்டிதர்கள் முன்வரவில்லை. அக்குறையை ஒருவாறு நீக்கும் பொருட்டு, புத்தர்பிரானிடம், அவர் இன்னாரென்று அறியாமலே, அடியேன் ஒரு புஸ்தகத்தைக் கேட்ட விவகாரத்தை இங்கே ஆதாரமாக எடுத்துக்கொள்கிறேன்.

தாடிக்கொம்பில் குடியிருப்பவனுக்கு இத்தகைய குழப்பம் நேர நியாயமே இல்லை. குடகனாற்றங்கரையிலுள்ள எங்கள் சௌந்தரராஜப் பெருமாள் கோயிலில் குறைகளை இலாகா வாரியாகவே பிரித்திருக்கிறார்கள். கடன் தீர வேண்டுவோர் தேய்பிறை அஷ்டமியன்று சுவர்ண ஆகர்ஷண பைரவரையும், கல்யாணம் கூடிவராதவர்கள் ரதி மன்மதனையும், நோயாளிகள் தன்வந்திரியையும், பொருளைத் தொலைத்தவர்கள் கார்த்தவீரியார்ஜுனரையும் நாடுவார்கள். என் வழக்கோ இவற்றில் எதிலும் அடங்காதது. மதுரைத் தமிழ்ச் சங்கம் 1910-இல் முதன்முதலாக வெளியிட்ட ஆ. சிங்காரவேலு முதலியாரின் ‘அபிதான சிந்தாமணி’யின் மறுபதிப்பொன்று என்னிடம் இருந்தது, அதை நண்பர் ஒருவர், “ரெண்டே நாள்ல தந்துர்றேன்” என்று வாங்கிப்போய், வருஷங்கள் உருண்டோடிவிட்டன. தொலைந்த பொருளென்று கார்த்தவீரியரிடம் முறையிடலாமென்றால், நண்பர் வீட்டுக் கண்ணாடி அலமாரியின் மேல்தட்டில், நான் போட்ட பழுப்புக் காகித அட்டை கசங்காமல் அது நிற்பதை, அவர் கொடுக்கும் காப்பியைக் குடித்தபடியே நான் பார்த்து வந்திருக்கிறேன். இருக்குமிடம் தெரிந்த பொருளைத் தொலைந்ததென்று சொல்வது சந்நிதியில் பொய்ச்சாட்சி சொல்வதாகும். பைரவரோ கடன் வாங்கியவருக்குச் சகாயம் செய்பவர். கொடுத்தவன் அங்கே போய் நின்றால், தீர்ப்பு நண்பர் பக்கம் ஆகிவிடும் அபாயம் உண்டு.

இந்நிலையில், சேலத்தில் நடந்த ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தபோது, மைத்துனன் என்னைப் பெரியேரியிலுள்ள தலைவெட்டி முனியப்பன் கோயிலுக்கு அழைத்துச் சென்றான். “சும்மா கேக்கக்கூடாது மாமா, ஒரு கட்டு சுருட்டு நேர்ந்துக்குங்க” என்றான். முனியப்பன் என்றதும் நாம் எதிர்பார்க்கும் முறுக்கு மீசையோ ஓங்கிய அரிவாளோ அங்கே இல்லை. சம்மணமிட்டு, கைகளை மடியில் வைத்து, எதைப்பற்றியும் அவசரமில்லாதவராய் ஒருவர் அமர்ந்திருந்தார். விசித்திரமாய்ப் பட்டதென்னவோ உண்மை. ஆயினும் மனுச் செய்ய வந்தவன் அதிகாரியின் மீசையை விசாரிப்பது முறையன்று. நேர்ந்துகொண்டு ஊர் திரும்பினேன்.

பலன் வந்தது, ஆனால் கேட்டபடி வரவில்லை. நண்பர் தாமாகவே ஒருநாள் தினசரித்தாளில் சுற்றிய பொதியுடன் வந்து, “உங்க புஸ்தகம் எங்கிட்டயே கெடந்துச்சுங்க, தப்பா நெனைக்காதீங்க” என்று நீட்டினார். பிரித்துப் பார்த்தால், உ. வே. சாமிநாதையர் 1898-இல் பதிப்பித்த ‘மணிமேகலை’யின் பிற்காலப் பதிப்பு, முகப்பேட்டில் எவரோ ஒருவரின் கையெழுத்துடன்! நான் மறுக்கவில்லை. கேட்டது கிட்டாதபோது நேர்ச்சை மாத்திரம் எப்படிப் பாத்தியதைப்படும் என்று வாதித்துச் சுருட்டையும் அனுப்பாமல் தள்ளிப்போட்டேன்.

அந்தப் பெரியேரிக் கோயில் விக்கிரகம் யாருடையது என்ற வழக்கில் 2022-இல் சென்னை உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2011-ஆம் வருஷத்து வழக்கு அது. தொல்லியல் துறையார் விக்கிரகத்தைச் சோதித்து, சுருள் முடியும் நீண்ட காதுமடல்களும் தியான முத்திரையும் புத்தருக்கே உரியவை என்றும், துண்டாகியிருந்த தலை பிற்பாடு சிமெண்டு வைத்து ஒட்டப்பட்டதென்றும் அறிக்கை கொடுத்திருந்தார்கள். அதன்மீது நீதிமன்றம், அவர் முனியப்பன் அல்லர், புத்தரே எனக் கண்டு, இடத்தைத் தொல்லியல் துறையிடம் ஒப்படைக்கவும் பூஜைகளை நிறுத்தவும் உத்தரவிட்டது. பௌத்த மகா காவியம் ஒன்று என் வீடு தேடி வந்ததன் தாத்பரியம் எனக்கு அன்றுதான் விளங்கிற்று. ஆசையே துக்கத்துக்கு மூலம் என்றவரிடம் ஆசைப்பட்ட பொருளைக் கேட்டால், அவர் தம் கட்சி நூலைத்தானே அனுப்புவார்?

‘பரிநிர்வாணம் எய்தியவர் எதையும் பெறுவதுமில்லை, தருவதுமில்லை’ என்று தேரவாதிகள் இங்கே ஆட்சேபிப்பார்கள். சித்தாந்தம் சரியே. ஆயினும் அதே சித்தாந்தத்தைக் கட்டிக்காக்கும் இலங்கையில் ஜனங்கள் வெறுங்கையுடன் வீடு திரும்புவதில்லை. புத்தரை வணங்கிய புண்ணியத்தைத் தேவர்களுக்குப் பங்கிட்டுக் கொடுத்துவிட்டு, லௌகிக விண்ணப்பத்தை அவர்களிடம் நீட்டுவது அங்கே வழக்கம். களனி விகாரையில் விபீஷணனுக்கு ஆலயமுண்டு, கண்டியில் தலதா மாளிகையை அடுத்து விஷ்ணு, நாதர், பத்தினி ஆகியோரின் தேவாலயங்கள் இருக்கின்றன. பத்தினி என்பது நம் கண்ணகியே. கைவிட்டுப் போன ஒரு நகையின் உடைமையை அரசவையில் உடைத்துக் காட்டி நிரூபித்தவளைவிட என் வழக்குக்குத் தகுந்த அதிகாரி ஈரேழு உலகத்திலும் அகப்படுவாளா? பெரியேரியில் இப்படி மேல்முறையீட்டுக்கு ஒரு பக்கச் சந்நிதி இல்லாமற்போனதே என் துரதிருஷ்டம்.

எஞ்சி நிற்பது சுருட்டு. முனியப்பனுக்கு நேர்ந்ததைப் புத்தருக்குச் செலுத்தலாமா? பஞ்சசீலத்தில் மது விலக்கப்பட்டிருக்கிறதேயன்றிப் புகையிலையைப் பற்றிப் பேச்சில்லை. போர்த்துகீசியர் அதை இங்கே கொண்டுவந்தது புத்தர் காலத்துக்கு ஏறக்குறைய 2000 ஆண்டுகள் கழித்து. ஆகவே தடையுமில்லை, விதியுமில்லை. இச்சிக்கலை அவிழ்க்கும் சான்று எங்கள் திண்டுக்கல்லிலேயே இருப்பது என் பாக்கியம். எட்வின் ஆர்னால்டு புத்தர் சரிதத்தைப் பாடி 1879-இல் வெளியிட்ட காவியத்தின் பெயர் ‘லைட் ஆஃப் ஏஷியா’. கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளை ‘ஆசிய ஜோதி’ என்று நமக்குத் தந்தது அதன் வழிவந்ததே. பழைய ஸ்பென்சர் கம்பெனி திண்டுக்கல் புகையிலையில் சுருட்டிச் சீமைக்கு அனுப்பிவந்த சுருட்டுகளில் ஒரு ரகத்துக்கும் ‘லைட் ஆஃப் ஏஷியா’ என்றே பெயர். முனியப்பனுக்குச் சுருட்டாகவும் புத்தருக்கு ஸ்தோத்திரமாகவும் ஏககாலத்தில் செல்லத்தக்க காணிக்கை இவ்வுலகில் அது ஒன்றே. அதில் ஒரு பெட்டி எவர் வீட்டுப் பரணிலேனும் கிடக்குமாயின், உளுத்துப்போயிருந்தாலும் பாதகமில்லை, உரிய விலைக்கு வாங்கிக்கொள்ளச் சித்தமாயிருக்கிறேன்.