உடைத்துச் சொல்கிறேன்!

கேள்வி: உதய்பூர் போகிறோம். ஃபதே பிரகாஷ் அரண்மனையின் கிரிஸ்டல் கேலரி பார்க்க வேண்டிய இடமா? (மதுரை வாசகி)

அவசியம் பாருங்கள். மகாராணா சஜ்ஜன் சிங் 1870களில் பர்மிங்காம் ஆஸ்லர் கம்பெனிக்கு ஆர்டர் போட்டார். 1851 லண்டன் கண்காட்சியில் 27 அடி உயரத்துக்கு, நாலு டன் கண்ணாடியில் நீரூற்று நிறுத்திய கம்பெனி. அவர்களிடம் போய் 'டம்ளர் ரெண்டு டஜன்' என்றா கேட்பார்? தட்டு, கிண்ணம், டிகாண்டர், அத்தர் புட்டி எல்லாம் போக மேஜை, நாற்காலி, சோபா, கட்டில்! மன்னர் தூக்கத்தில் புரளாத ரகம் போலும்.

சரக்கு வந்து சேருமுன், 1884இல், மன்னர் போய்ச் சேர்ந்துவிட்டார். வயது 25. பெட்டிகள் நூறு வருஷத்துக்கு மேல் பிரிக்கப்படாமலே கிடந்தன. பாயசமே காணாத கிண்ணங்கள்! கல்யாணத்துக்கு வந்த டீ செட்டை ஷோகேஸில் பூட்டி வெள்ளி விழா கொண்டாடும் வீடுகளை இந்தப் பக்கத்தில் மாதம் தவறாமல் திட்டிவந்தேன். அவர்களிடம் மன்னிப்புக் கேட்கிறேன். உதய்பூரோடு ஒப்பிட்டால் நீங்கள் ஊதாரிகள்.

கேள்வி: கட் கிளாஸ் டம்ளரில் ஃபில்டர் காபி குடிக்கலாமா? (கும்பகோணம் வாசகர்)

கும்பகோணத்திலிருந்து இப்படி ஒரு கேள்வியா? டபரா கோபித்துக்கொள்ளும், டம்ளர் விரிசல் விடும்.

கேள்வி: கண்ணாடிப் பாத்திரம் கையால் வெட்டியதா, அச்சில் வார்த்ததா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? (புதுச்சேரி வாசகர்)

தடவிப் பாருங்கள். சக்கரத்தில் வெட்டிய பட்டை விரலில் சுருக்கென்று படும். அச்சில் அழுத்தியது, சப்பிவிட்டு வைத்த கற்கண்டு மாதிரி மழுங்கியிருக்கும். அச்சு சேர்ந்த கோடும் பல சமயம் தெரியும். கடைக்காரர் விளிம்பைச் சுண்டி 'டிங்' காட்டினால் மயங்காதீர்கள். காரீயம் கலந்த கண்ணாடி அச்சில் வார்த்தாலும் பாடும்.

கேள்வி: தாத்தாவின் டிகாண்டரில் எலுமிச்சை சர்பத் ஊற்றி வைக்க வேண்டாம் என்கிறாள் மருமகள். ஈயச்சொம்பில் நாம் ரசம் வைக்கவில்லையா? (காரைக்குடி வாசகி)

மருமகள் பக்கம் பேசுவது இந்தப் பத்தியின் மரபல்ல. ஆனால் அவர் சொல்வதுதான் சரி, அம்மா. ஈயச்சொம்பு வெள்ளீயம். டிகாண்டரில் கலந்திருப்பது காரீயம், அது விஷம். புளிப்பு அதில் ஊறினால் காரீயம் மெல்ல இறங்கும். நாள்கணக்கில் வைக்கவே கூடாது, குழந்தைகளுக்கு அதிலிருந்து ஒரு வாய்கூட வேண்டாம். அலமாரியில் வைத்து அழகு பாருங்கள்.

கேள்வி: அந்தக் காலக் கட் கிளாஸில் இத்தனை பட்டைகளை யார் தீட்டினார்கள்? (நாகர்கோவில் வாசகி)

இதுவரை யாரும் கேட்காத கேள்வி. சுழலும் இரும்புச் சக்கரத்தின் மேல் மணலும் தண்ணீரும் சொட்டிக்கொண்டிருக்கும்; அதில் கிண்ணத்தை அழுத்திப் பிடித்து வெட்டுவார்கள். அடுத்து மணற்கல் சக்கரம். கடைசியில் மரச்சக்கரத்தில் பொடி தடவி மெருகு. அந்தப் பொடியிலும் காரீயம் இருந்தது. நாளெல்லாம் அதில் கை நனைத்தவர்களுக்கு வயிற்றுவலி வரும்; சிலருக்கு மணிக்கட்டு செயலிழந்து தொங்கிவிடும். உதய்பூரில் ஒரு கிண்ணத்தின் முன்னால் கொஞ்சம் கூடுதலாக நின்றேன், அவ்வளவுதான்.

கேள்வி: உங்கள் வீட்டில் கட் கிளாஸ் உண்டா? (சேலம் வாசகர்)

ஒரு டிகாண்டர் மூடி உண்டு, பழைய சாமான் கடையில் வாங்கியது. ஒவ்வொரு மூடியும் அதனதன் கழுத்துக்கென்றே அரைத்துப் பொருத்தியது என்பது அப்புறம்தான் தெரிந்தது. ஆறு கழுத்தில் வைத்துப் பார்த்துவிட்டேன். ஜாதகம் அமையவில்லை.