சிலைக்கு மாலை, சேருக்குப் புகை

பெரியநீலாவணையிலிருந்து வடக்கே ஓர் எட்டு வைத்தால் மட்டக்களப்பு மாவட்டம். அதன் தலைநகரில் வில்லியம் ஓல்ட் சிலையாக நிற்கிறார். மாலை போட வசதியான ஆசிரியர். சம்பள உயர்வு கேட்கமாட்டார்.

1814இல் வந்த வெஸ்லியன் மிஷனரி அவர். வரும் வழியில் கடலிலேயே மனைவி போனார். குழுத் தலைவர் தோமஸ் கோக்கும் போனார். வந்துசேர்ந்த ஐந்து பேரும் காலியில் கூடி, யாருக்கு எந்த ஊர் என்று முடிவுசெய்தார்கள். எம்.பி.யின் கடிதம் ஒருவரிடமும் இல்லை. இந்தத் தீவில் ஆசிரியர் நியமனம் ஒழுங்காக நடந்தது அன்றைக்குத்தானோ என்னவோ! மதம் பரப்பத்தான் வந்தார், மறைப்பானேன். ஆனாலும் பள்ளிக்கூடம் வைத்தார். 1815 ஏப்ரல் 1ஆம் திகதி கண்ணை மூடினார். மட்டக்களப்பில் அவர் இருந்தது ஒரு வருடம்கூட இல்லை. மெதடிஸ்த மத்திய கல்லூரி இன்றும் தன் வயதை 1814இலிருந்தே எண்ணுகிறது. அவர் இங்கே இருந்த அந்தக் கொஞ்ச நேரத்துக்குள் நம் அலுவலகங்களில் ஒரு கோப்பு அடுத்த மேசைக்குப் போகும். அதுவும் தெரிந்த ஆள் இருந்தால்.

இனி உயிரோடிருக்கும் சேர்மாரின் கதை.

கொரோனாக் காலத்தில் சொந்த போன், சொந்த டேட்டா, சொந்தக் காசு. அரசு கொடுத்தது சுற்றறிக்கை. 2021 ஜூலையில் கொத்தலாவல பல்கலைக்கழகச் சட்டமூலத்தை எதிர்த்துத் தெருவில் நின்றவர்களைப் பிடித்தார்கள். நீதிமன்றம் பிணை கொடுத்தது. பொலிஸ் கொடுத்தது தனிமைப்படுத்தல். ஆசிரியர் சங்கச் செயலாளர் ஜோசப் ஸ்டாலினையும் மற்றவர்களையும் முல்லைத்தீவு கேப்பாப்பிலவு விமானப்படை முகாமுக்கு ஏற்றிப் போனார்கள். தொற்று யாருக்கு? வாய் திறந்தவனுக்கு.

பிறகு சேர்மார் ஒன்லைன் வகுப்பை நிறுத்தினார்கள். 24 வருடச் சம்பள முரண்பாடு அப்போதுதான் அமைச்சரவையின் காதில் விழுந்தது. அதை ஆராய்ந்த சுபோதினி குழு அறிக்கை கொடுத்தது. 2022 ஜனவரியில், கேட்டதில் மூன்றில் ஒரு பங்கு வந்தது. அதற்காக மூன்றில் ஒரு பாடம்தான் நடத்துவேன் என்று எந்தச் சேரும் சொல்லவில்லை. வாய்பாட்டில் பாதியை விழுங்கவும் இல்லை.

மிச்ச இரண்டு பங்கைக் கேட்டு 2024 ஜூனில் கொழும்பில் ஊர்வலம் போனார்கள். பொலிஸார் கண்ணீர்ப்புகை அடித்தார்கள். தண்ணீரும் பீய்ச்சினார்கள். அதில் மட்டும் மூன்றில் ஒன்று என்ற கணக்கே இல்லை. முழுசாகக் கொடுத்தார்கள்.