எல் நினோவுக்கு வழிவிடு

கேள்வி: பசிபிக் கடல் சூடானால் நம்ம திண்டுக்கல்லுக்கு என்ன வந்தது? (வாசகர் ஒருவர், நாகல்நகர்)

பதில்: மழை வரும்! தென்மேற்குப் பருவக்காற்றின் ஈரத்தை மேற்கு மலை பிடுங்கிக்கொள்வதால், நமக்குப் படியளப்பது ஐப்பசியும் கார்த்திகையும்தான். பசிபிக்கின் நடுவிலும் கிழக்கிலும் நீர் சூடானால் (எல் நினோ) மேகம் திரளும் இடம் கிழக்கே நகரும். உலகக் காற்றோட்டமே தடம் மாறும். வடக்கே ஆடி ஆவணியில் வானத்தைப் பார்ப்பார்கள். நமக்கோ பெரும்பாலும் வடகிழக்குப் பருவமழை தாராளம். 2015-இல் சென்னை மிதந்ததே! 2016-இல் பசிபிக் குளிர்ந்தது, இந்தியப் பெருங்கடலும் காலை வாரியது. தமிழகத்தில் அந்தப் பருவமழை 62 சதவீதம் குறைவு. குழாயடியில் குடங்கள் சண்டை போட்டன.

பசிபிக்கின் இந்தச் சூடு குளிரோடு சேர்ந்து ஆடும் காற்றழுத்த ஊசலாட்டத்தைக் கணக்குப் போட்டுக் கண்டவர் கில்பர்ட் வாக்கர், 1904 முதல் 1924 வரை இந்திய வானிலைத் துறைத் தலைவர். பூமராங் எறிவதில் மன்னராம். எறிந்தது திரும்பி வரும் வித்தை அவருக்கா தெரியாது?