இருபத்துநாலா, இருபத்தஞ்சா?

ஜெர்மனியிலிருந்து கனடாவுக்குக் குடிவந்தவரின் முதல் கிறிஸ்மஸ். இந்த இதழில் எல்லாக் கேள்வியும் அவரைச் சுற்றித்தான். பக்கத்து வீட்டில் அவரை வைத்திருப்பவர்கள் எழுதியிருக்கிறார்கள், பக்கத்து மேசையில் வைத்திருப்பவர்கள் எழுதியிருக்கிறார்கள். ஓர் அம்மா மருமகனாகவே வைத்திருக்கிறார்.

கே: குளிரைப் பற்றி ஜெர்மன்காரருக்குமா நாம் சொல்லித்தர வேண்டும்? (மார்க்கம்)

ப: அவருக்குத்தான் முதலில் சொல்ல வேண்டும். சென்னையிலிருந்து வருகிறவர் பயந்துகொண்டே வருவார், நல்ல கோட்டு வாங்கிவிடுவார். இவர் "எனக்குத் தெரியாத குளிரா" என்று வருகிறார். விண்ணிப்பெக்கும் ஃபிராங்ஃபர்ட்டும் ஏறக்குறைய ஒரே அட்சரேகை, 50 டிகிரி வடக்கு. ஆனால் ஜனவரிச் சராசரி ஃபிராங்ஃபர்ட்டில் பூஜ்யத்துக்குக் கொஞ்சம் மேலே, விண்ணிப்பெக்கில் மைனஸ் 16-ஐ ஒட்டி. ஜெர்மனிக்கு மேற்கிலிருந்து வீசும் காற்று அட்லாண்டிக்கின் வெதுவெதுப்பை வாங்கிக்கொண்டு வருகிறது. விண்ணிப்பெக்குக்கோ ஆர்க்டிக்கிலிருந்து சமவெளி வழியாக நேரே இறங்குகிறது. காற்றையும் சேர்த்துக் கணக்கிடும் குளிர் மைனஸ் 28-க்குக் கீழே போனால், மூடாத தோல் 10 முதல் 30 நிமிடத்துக்குள் உறையத் தொடங்கலாம். தொப்பி அழகுக்கு அல்ல, காதுக்கு.

டொராண்டோவுக்கு வந்திருந்தால் ஓர் ஆறுதல் உண்டு. அது மியூனிக்கை விடத் தெற்கே இருக்கிறது. டிசம்பர் 21 அன்று பெர்லினில் நாலு மணிக்கு முன்பே சூரியன் மறைந்துவிடும். டொராண்டோவில் நாலே முக்கால் வரை தாக்குப்பிடிக்கும்.

கே: எங்கள் ஜெர்மன் நண்பர் மைனஸ் முப்பதிலும் தினம் காலையில் எல்லா ஜன்னலையும் திறந்து வைக்கிறார். மருத்துவரிடம் அழைத்துப் போகலாமா? (விண்ணிப்பெக்)

ப: வேண்டாம், அது நோய் அல்ல, வளர்ப்பு. ஜெர்மனியில் வீடுகள் காற்றுப் புகாமல் கட்டப்பட்டவை. ஜன்னலைத் திறக்காவிட்டால் சுவரில் பூஞ்சை படியும். காற்றோட்டம் விடுவது வாடகைக்காரரின் கடமை என்று ஒப்பந்தத்திலேயே எழுதுகிறவர்கள் உண்டு. உங்கள் ஊரில் பிரச்சினை தலைகீழ்: வெப்பக்காற்று ஊதும் உலை வீட்டையே காய்ந்த அப்பளமாக்கிவிடுகிறது. அவருக்கு ஓர் ஈரப்பதமூட்டி வாங்கிக் கொடுங்கள், ஜன்னல் தானே மூடும்.

கே: மருமகனுக்கு இது இங்கே முதல் கிறிஸ்மஸ். 25 மதியம் வான்கோழி, அது இது என்று தடபுடலாகச் செய்தேன். அவர் பண்டிகை முடிந்துபோன முகத்தோடு உட்கார்ந்திருந்தார். என் சமையலில் குறையா? (ஸ்காபரோ)

ப: அம்மா, உங்கள் கைப்பக்குவத்தில் குறை இல்லை, நாட்காட்டியில்தான் குறை. அவருக்குப் பண்டிகை உண்மையிலேயே முடிந்துவிட்டது. ஜெர்மனியில் கிறிஸ்மஸ் என்பது 24-ஆம் தேதி மாலை. அன்று மதியமே கடைகளை மூடிவிடுவார்கள், தெரு காலியாகிவிடும், இருட்டியதும் மரத்தில் விளக்கேற்றி, பாட்டுப் பாடி, அப்போதே பரிசுகளைப் பிரித்துவிடுவார்கள். 25-ம் 26-ம் அரசு விடுமுறை. வாத்து வறுவலும் உறவினர் வீடும் அந்த நாட்களுக்கு.

கனடாவிலோ 24 மாலை என்பது கடைசி நேரக் கடைத்தெரு. பரிசு பிரிப்பது 25 காலை, பிள்ளைகள் பைஜாமாவோடு. அவர் ஓர் இரவு முழுக்க, யாராவது ஏதாவது தொடங்குவார்கள் என்று காத்திருந்திருப்பார். நீங்கள் அந்த நேரத்தில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்திருப்பீர்கள்.

அடுத்த வருடம் 24 மாலையை அவரிடம் விட்டுவிடுங்கள். பயப்பட வேண்டாம், அன்றைக்குப் பல ஜெர்மன் வீடுகளில் சாப்பாடு உருளைக்கிழங்கு சாலடும் தொட்டுக்கொள்ளச் சாசேஜும் மட்டும்தான். பண்டிகையன்று இவ்வளவு எளிய சாப்பாடா என்று கேட்டுவிடாதீர்கள். அந்த சாலடில் மயோனைஸ் போடுவதா, சூப்புநீரும் வினிகரும் ஊற்றுவதா என்று வடக்கத்தியருக்கும் தெற்கத்தியருக்கும் ஓயாத வழக்கு ஒன்று உண்டு. மருமகன் எந்தக் கட்சி என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். அதற்குப் பிறகு அவர் முகம் வாடாது.

கே: ஜெர்மன் பிள்ளைகளுக்குப் பரிசு கொண்டுவருவது யார்? (பிராம்டன்)

ப: ஆள் பலம் அதிகம். டிசம்பர் 5 இரவு கழுவித் துடைத்த பூட்ஸை வாசலில் வைத்தால், 6-ஆம் தேதி விடிவதற்குள் புனித நிக்கோலஸ் அதில் சாக்லேட் நிரப்பிவிடுவார். 24 மாலை, வடக்கே என்றால் பெரும்பாலும் வெள்ளைத் தாடிக் கிழவர் வருவார். தெற்கிலும் மேற்கிலும் பல வீடுகளுக்கு யார் கண்ணிலும் படாத குழந்தை இயேசு. கனடாவில் இத்தனை பேர் வேலையையும் சான்டா ஒருவரே பார்க்கிறார். புகைபோக்கி வழியாக வேறு வர வேண்டும். பூட்ஸை இங்கே வாசலில் வைத்தால் காலையில் பனிதான் நிறைந்திருக்கும் என்பதை மட்டும் பிள்ளைகளுக்கு முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

கே: நவம்பரிலேயே மரம் வைத்து விளக்குப் போடும் கனடாக்காரர்களைப் பார்த்து அவர் தலையில் அடித்துக்கொள்கிறாராமே? (மிசிசாகா)

ப: அடித்துக்கொள்ள அவருக்கு உரிமை உண்டு, மரம் அவர்கள் வீட்டுச் சரக்கு. பழைய ஜெர்மன் வழக்கப்படி மரம் 24-ஆம் தேதிதான் வீட்டுக்குள் வரும், ஜனவரி 6 வரை நிற்கும். கிறிஸ்மஸுக்கு முந்தைய நாலு ஞாயிறுகளின் காலமான அட்வெண்ட் தொடங்குவதற்கு முந்தைய ஞாயிறு இறந்தவர்களை நினைக்கும் நாள். அது கழியும் முன் தோரணம் கட்டுவதை அங்கே பலர் இன்றும் அநாகரிகம் என்று நினைப்பார்கள். டொராண்டோவில் 1905-லிருந்து நடக்கும் சான்டா ஊர்வலமே இப்போது நவம்பரில் வந்துவிடுகிறது.

ஆனால் இந்த மரம் கனடாவுக்கு வந்த கதை அவருக்குத் தெரிந்திருந்தால் தலையில் அடிப்பதை நிறுத்திவிட்டுக் காலரைத் தூக்கிவிட்டுக்கொள்வார். அமெரிக்க விடுதலைப் போரில் பிரிட்டனுக்காகச் சண்டைபோட ஜெர்மன் படைகளும் வந்தன. பிரன்ஸ்விக் படையின் தளபதி ரீடேசல் 1777-இல் சரடோகாவில் பிடிபட்டார். மனைவி ஃபிரெடரிக்கா ரீடேசல் சின்னஞ்சிறு பெண்பிள்ளைகளையும் தூக்கிக்கொண்டு போர்க்களம், கைதி வாழ்க்கை எல்லாவற்றிலும் கூடவே இருந்தார். விடுதலைக்குப் பிறகு கியூபெக்கின் சொரலில் குடும்பம் தங்கியது. 1781 கிறிஸ்மஸுக்கு அந்த அம்மாள் அங்கே ஒரு ஃபிர் மரத்தில் மெழுகுவர்த்தி ஏற்றிவைத்தார். கனடாவின் முதல் கிறிஸ்மஸ் மரம் என்று அதைத்தான் சொல்கிறார்கள். 1981-இல் இருநூறாம் ஆண்டுக்குக் கனடா தபால்தலையே வெளியிட்டது. நியூயார்க்கில் பிறந்த மகளுக்கு அமெரிக்கா என்று பெயர் வைத்தவர்கள், சொரலில் பிறந்தவளுக்குக் கனடா என்று வைத்தார்கள். புதிதாக வந்த நாட்டோடு ஒட்டிக்கொள்வதில் இதைவிட வேகம் காட்ட முடியாது.

கே: மரத்தில் நிஜ மெழுகுவர்த்தி ஏற்றுவேன் என்கிறார். விடலாமா? (ஒட்டாவா)

ப: அவர் ஊர் வீடு செங்கல்லும் கல்லும். உங்கள் வீட்டின் எலும்புக்கூடு முழுக்கப் பலகை. விடாதீர்கள். பதிலுக்கு மேசைமேல் அட்வெண்ட் வளையத்தை வைக்கச் சொல்லுங்கள்: நாலு ஞாயிறு, நாலு மெழுகுவர்த்தி, வாரத்துக்கு ஒன்று கூடும். ஹாம்பர்க்கில் ஏழைப்பிள்ளைகளுக்கு இல்லம் நடத்திய விகர்ன் என்ற போதகர் 1839-இல் தொடங்கிய வழக்கம் அது. "கிறிஸ்மஸ் எப்போது, எப்போது" என்று பிள்ளைகள் நச்சரித்ததால் ஒரு வண்டிச்சக்கரத்தில் மெழுகுவர்த்திகளை வைத்து நாள் எண்ணவைத்தாராம். தண்ணீர் வாளியைப் பக்கத்தில் வைப்பது உங்கள் பொறுப்பு.

கே: பெர்லின் என்ற ஊர் ஒன்டாரியோவிலும் இருந்ததாமே? (வாட்டர்லூ)

ப: உங்கள் பக்கத்து ஊர்தான். முதல் உலகப்போரின்போது அந்தப் பெயர் சங்கடமாகிப் போக, 1916-இல் கிச்சனர் ஆனது. பெயரைத்தான் மாற்றினார்கள், வாயை மாற்றவில்லை. டிசம்பரில் நகரமன்ற வாசலில் ஜெர்மன் பாணிக் கிறிஸ்மஸ் சந்தை கூடுகிறது. ஊர் ஞாபகம் வந்தால் அவரை அங்கே அனுப்புங்கள்.

கே: சந்தைக்குப் போனோம். சூடான ஒயின் கோப்பையோடு அவர் தெருவுக்கு நடக்க, காவலர் நிறுத்திவிட்டார். என்ன குற்றம்? (டொராண்டோ)

ப: அவர் ஊரில் குற்றமே இல்லை. கோப்பைக்கு முன்பணம் கட்டிவிட்டால் சந்தை முழுக்க ஏந்திக்கொண்டு திரியலாம், தெருவில் குடிப்பதும் சாதாரணம். இங்கே மது என்றால் உரிமம் பெற்ற எல்லை, எல்லைக்கு ஒரு வேலி, வேலிக்கு ஒரு காவலர். உள்ளே நின்று குடித்துவிட்டு வெளியே வந்து நடக்கச் சொல்லுங்கள். இரண்டும் ஒரே நேரத்தில் கூடாது.

கே: விலைச்சீட்டில் 100 டாலர், பில்லில் 113. கடைக்காரரோடு சண்டைக்குப் போய்விட்டார். (ஏஜாக்ஸ்)

ப: கடைக்காரர் அப்பாவி. ஒன்டாரியோவில் 13 சதவீத வரி கல்லாவில்தான் முகம் காட்டும். ஜெர்மனியில் 19 சதவீதம், ஆனால் விலைக்குள்ளேயே ஒளிந்திருக்கும். கண்ணில் படாத வரி வலிக்காது என்பதை இரண்டில் ஓர் அரசாவது புரிந்துவைத்திருக்கிறது.

கே: அவருடைய அம்மா ஊரிலிருந்து பெரிய பெட்டி அனுப்பப் போகிறாராம். சுங்கம்? (லண்டன், ஒன்டாரியோ)

ப: ஒருவருக்கு அனுப்பும் அன்பளிப்பு 60 கனேடிய டாலர் வரை என்றால் வரி இல்லை. மதுவும் புகையிலையும் அந்தச் சலுகையில் சேராது. சாசேஜ் அனுப்ப வேண்டாம் என்று அம்மாவிடம் சொல்லுங்கள், இறைச்சிக்குத் தனிச்சட்டம். ஷ்டோலன் கேக் அனுப்பலாம். அது கெடாது, வரும்வரை ஊறி இன்னும் நன்றாகவே இருக்கும்.

கே: 26-ஆம் தேதி விடுமுறைதானே, ஏன் கனடாவே கடைவாசலில் நிற்கிறது என்று கேட்கிறார். (பிக்கரிங்)

ப: அவருடைய 26-இல் ஒரு கடையும் திறக்காது. சோபாவில் கிடந்து மிச்ச வாத்தைத் தின்னும் நாள். இங்கே அதே தேதிக்குப் பாக்சிங் டே என்று பெயர், தள்ளுபடிக்காக வரிசை. அவரிடம் சொல்லுங்கள்: 25 அன்று பிடிக்காத பரிசு கிடைத்தவர்களுக்கும் ஒரு நாள் வேண்டாமா?

கே: கிறிஸ்மஸுக்கும் புத்தாண்டுக்கும் இடையே வேலைக்கு வரச் சொன்னதற்கு ஏன் அப்படி அதிர்ச்சியடைந்தார்? (கால்கரி)

ப: ஜெர்மனியில் அந்த வாரத்தில் பாதி அலுவலகங்கள் மூச்சுவிடுவதோடு சரி. அங்கே வாரத்துக்கு ஐந்து நாள் வேலை செய்பவருக்குச் சட்டப்படி குறைந்தது 20 நாள் விடுப்பு, நடைமுறையில் பலருக்கு முப்பதை ஒட்டி. கனடாவில் பெரும்பாலான மாகாணங்களில் தொடக்கத்தில் இரண்டு வாரம்தான் சட்டம். அதை டிசம்பரில் செலவழித்தால் கோடையில் என்ன செய்வது? குளிரைவிட இந்தக் கணக்குதான் அவரை நடுங்கவைக்கிறது.

கே: ஊருக்கு எத்தனை மணிக்கு வீடியோ அழைப்பு எடுக்க வேண்டும்? (பல ஊர்களிலிருந்து)

ப: ஜெர்மனியில் 24 மாலை ஆறு மணிக்குப் பரிசு பிரிக்கிறார்கள் என்று வையுங்கள். டொராண்டோவில் நடுப்பகல், வான்கூவரில் காலை ஒன்பது, நியூஃபவுண்ட்லாந்தில் பிற்பகல் ஒன்றரை. இந்த அரைமணிக் கணக்கில் ஜெர்மன்காரர் குழம்பினால் நம்மவர் ஒருவரிடம் கேட்கட்டும். ஐந்தரை மணிநேரத்தைக் கூட்டியும் கழித்தும் வளர்ந்தவர்கள் நாம்.

கே: "ஒருநாள் வீட்டுக்கு வாங்களேன்" என்று சொன்னேன். உடனே டைரியை எடுத்து "எந்த நாள்?" என்கிறார். (எட்மன்டன்)

ப: நீங்கள் கனடாக்காரர் ஆகிவிட்டீர்கள், அவர் இன்னும் ஆகவில்லை. அவருக்கு ஒரு சூத்திரம் சொல்லிக்கொடுங்கள்: நாள், நேரம், விலாசம் மூன்றும் இருந்தால் அழைப்பு. ஒன்று குறைந்தாலும் அது வானிலை பற்றிய பேச்சு மாதிரிதான். மூன்றும் இருக்கும் விருந்துக்கு ஏழு மணி என்றால் ஏழேகாலுக்கு வரச் சொல்லுங்கள். ஏழுக்கே மணி அடித்தால் வீட்டம்மா ஈரத்தலையோடு கதவைத் திறப்பார். ஆளுக்கொரு பதார்த்தம் என்று சொல்லியிருந்தால் கையை வீசிக்கொண்டும் வரக்கூடாது. எத்தனை பேருக்கு, எத்தனை கிராம் என்று அவர் கேட்பார். கேட்கட்டும், விருந்தில் மிச்சமாகாமல் தீரும் பாத்திரம் அவருடையதாகத்தான் இருக்கும்.

கே: டிசம்பர் 31 இரவு "உங்கள் ஆங்கில நாடகம் எந்தச் சேனலில்?" என்று கேட்டு எங்களைத் திகைக்கவைத்தார். (ஹாலிஃபாக்ஸ்)

ப: 'டின்னர் ஃபார் ஒன்'. ஹாம்பர்க் தொலைக்காட்சி 1963-இல் பதிவுசெய்த சின்ன நாடகம், கறுப்பு வெள்ளை, முழுக்க ஆங்கிலம். தொண்ணூறாவது பிறந்தநாள் கொண்டாடும் சீமாட்டி நாலு நண்பர்களை விருந்துக்கு அழைக்கிறார். நாலு பேரும் எப்போதோ போய்ச் சேர்ந்தவர்கள். பட்லர்தான் அவர்கள் சார்பில் ஒவ்வொரு முறையும் நாலு கோப்பையையும் காலி செய்ய வேண்டும். போதை ஏற ஏறத் தரையிலிருக்கும் புலித்தலையில் இடறி இடறி விழுவார். ஜெர்மனியில் வருடக் கடைசி இரவு இதைப் பார்க்காத வீடு அபூர்வம், வசனம் குழந்தைகளுக்கும் மனப்பாடம். ஆங்கிலத்தில் இருக்கிறதே, ஆங்கிலேயர் எல்லோருக்கும் தெரிந்திருக்கும் என்று பாவம் நம்பிவிட்டார். ஆங்கிலம் பேசும் உலகத்தில்தான் பலருக்கு அது தெரியாது. இணையத்தில் கிடைக்கும், கூட உட்கார்ந்து பாருங்கள். புலி வரும் இடத்தை அவர் முன்கூட்டியே சொல்லுவார், பொறுத்துக்கொள்ளுங்கள்.

கே: நள்ளிரவில் பட்டாசு வெடிக்கலாமா என்கிறார். (ரிச்மண்ட் ஹில்)

ப: கொடுத்துவைத்தவர், ஜெர்மனியில் வருடத்தின் கடைசி நாட்களில் மட்டும் கடையில் ராக்கெட் விற்பார்கள், 31 நள்ளிரவில் ஊரே கொளுத்தும். இங்கே நகருக்கு நகர் விதி வேறு. நகராட்சியைக் கேட்காமல் திரியில் தீ வைக்க வேண்டாம். தீபாவளிக்கு நாம் வாங்கிய அதே புத்திமதி.

கே: இந்த வருடம் வெள்ளைக் கிறிஸ்மஸ் கிடைக்குமா? (வான்கூவர்)

ப: கனடாவின் வானிலைத்துறைக்கு அதிலும் அளவுகோல் உண்டு: 25 காலை ஏழு மணிக்குத் தரையில் 2 சென்டிமீட்டர் பனி. ஸ்கேலோடு வாசலில் நிற்க ஜெர்மன்காரரைவிடப் பொருத்தமான ஆள் கிடையாது. உங்கள் ஊரில் மட்டும் அவர் குடையோடு நிற்க நேரும்.

கே: இந்தக் குளிர் எப்போதுதான் முடியும் என்று தினமும் கேட்கிறார். (கிங்ஸ்டன்)

ப: பிப்ரவரி 2 வரை பொறுக்கச் சொல்லுங்கள். அன்று ஒன்டாரியோவின் வையர்டன் ஊரில் வில்லி என்ற நிலப்பன்றியை வெளியே கொண்டுவருவார்கள். தன் நிழலைப் பார்த்தால் இன்னும் ஆறு வாரம் குளிர். "இது என்ன மூடத்தனம்" என்று அவர் சிரிப்பார். சிரித்து முடித்ததும் சொல்லுங்கள்: ஜெர்மனியில் இதே தேதியில் வளைக்கரடியை வைத்துச் சொன்ன ஆரூடத்தைத்தான், பென்சில்வேனியாவில் குடியேறிய ஜெர்மானியர்கள் வட அமெரிக்காவுக்குக் கொண்டுவந்தார்கள். வில்லி ஆறு வாரம் என்று தீர்ப்புச் சொன்னால், மேல்முறையீட்டை அவர் சொந்த ஊரில்தான் செய்ய வேண்டும்.