கரண்ட்டு இன்ஜின்

மூன்று நாளாகப் பக்கத்து வீட்டுக் குழாயில் குடம் பிடிக்கிறேன். காரணம், என் வாய்.

வியாழக்கிழமை காலை கிணற்றடி மோட்டார் உறுமிவிட்டு நின்றது. காயில் கட்டுகிறவர் வந்தார், குந்தி உட்கார்ந்து முகர்ந்தார். வார்னிஷ் கருகிய வாடை எனக்கே அடித்தது. "இன்ஜின் எரிஞ்சிடுச்சு சார்."

"இன்ஜின் இல்லப்பா, மோட்டார். எதையாவது எரிச்சு அந்தச் சூட்டுல ஓடுறதுதான் இன்ஜின்."

அத்தோடு நிறுத்தியிருக்கலாம். நிறுத்தினேனா?

நம்ம திருவாலங்காடு ஸ்டேஷனையே எடுத்துக்கொள் என்று ஆரம்பித்தேன். 1856-இல் ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடுக்கு இந்த வழியாக ரயிலை இழுத்தது நீராவி இன்ஜின். சரி. இன்றைக்கு எக்ஸ்பிரஸை இழுப்பதற்கும் இன்ஜின் என்றுதான் பேர். சக்கரத்தைச் சுற்றுவதோ ஆறு மோட்டார். டீசல் இன்ஜின் இன்னும் அநியாயம்: உள்ளே ஓர் இன்ஜின் டீசலைக் குடித்துக் கரண்ட் உண்டாக்கும், அந்தக் கரண்ட்டில் மோட்டார் ஓடும். திருத்தணி லோக்கலுக்கு இன்ஜினே கிடையாது, மோட்டார் பெட்டிதான். ரோட்டுக்கு வந்தால் எல்லாம் தலைகீழ். மோட்டார் சைக்கிளில் இருப்பது இன்ஜின். 1988-ஆம் வருஷத்து மோட்டார் வாகனச் சட்டத்தில் மாட்டுகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் இன்ஜின் ஓட்டுகிறவர்கள். நிஜமாகவே மோட்டார் வைத்த வண்டி வந்ததும் அதற்குப் பேட்டரி வண்டி என்று பேர் வைத்துவிட்டோம். தமிழில் சொல்லித் தப்பிக்கலாமென்றால் இன்ஜினுக்குப் பொறி. எலிக்கும் பொறி, நெருப்புக்கும் பொறி, கண் காது மூக்குக்கும் பொறி. பொறியியல் கல்லூரியில் சேர்ந்த பிள்ளைகளைக் கேட்டால் அது எந்தப் பொறி என்று சொல்வார்கள்.

ஸ்பானர் பைக்குள் போனதை நான் கவனிக்கவில்லை. "ஆக, இந்த ரெண்டுக்கும் உண்மையான வித்தியாசம் என்னன்னா..." என்று விரலை நீட்டும்போது தெருவில் அவர் பைக் கிளம்பியது. (இன்ஜின்.)

காளியோடு ஆடி, ஒரு காலைத் தூக்கியே வடாரண்யேஸ்வரர் ஜெயித்த ஊர் இது. நானும் ஜெயித்தேன். குளிக்கத்தான் தண்ணீர் இல்லை. "பேரை வெச்சுக்கிட்டா தண்ணி இறைக்கப் போறீங்க?" என்று கேட்டுவிட்டு, இரண்டாவது குடத்தையும் என் கையில் கொடுத்தாள் மனைவி.

அரக்கோணம், திருத்தணிப் பக்கம் நல்ல காயில்காரர் யாராவது தெரிந்தால் அனுப்பி வையுங்கள். அவர் அதை ஏரோப்ளேன் என்றாலும் தலையாட்டுகிறேன்.

ஆனால் அது மோட்டார்.